கார் நிகோபார்: பாதிரியார்கள் தோற்ற தீவில் ஒரு பள்ளிக்கூடம் ஜெயித்த கதை!

கார் நிகோபாருக்கு டிக்கெட் எடுத்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு டூர் போய்விட முடியாது. பழங்குடி மக்களின் பாதுகாப்புக்காக 1956-ல் கொண்டுவரப்பட்ட விதிமுறைப்படி, அரசின் தனி அனுமதி இருந்தால்தான் வெளியாட்கள் அங்கே கால்வைக்க முடியும். அந்தமானைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நம் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். கார் நிகோபாரைப் பார்த்தவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஆனால், அந்தத் தீவுக்கும் நமக்கும் உள்ள உறவு ரொம்பவே பழசு. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'மாநக்கவாரம்' இந்த நிகோபார் தீவுக்கூட்டம்தான். அதிகம் பேசப்படாத இன்னோர் உறவும் உண்டு. இன்று கார் நிகோபார் மக்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். அந்தச் சபைக்கு விதை போட்ட முதல் பள்ளிக்கூடத்தை நடத்தியவர், நம் ஊர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன ஒரு தமிழர்!

தட்டையான தீவு, தென்னங்கூட்டம்

முன்பு போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சுமார் 275 கி.மீ தெற்கே, பத்து டிகிரி கால்வாயைத் தாண்டினால் நிகோபார் தீவுகள் தொடங்குகின்றன. வடகோடியில் முதலில் வருவது கார் நிகோபார். பரப்பளவு சுமார் 127 சதுர கி.மீ. மலை கிடையாது, தட்டையான பவளத்தீவு. சுற்றிலும் தென்னை. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 17,841.

இங்கே குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள் மட்டும் இல்லை. 'துஹெத்' என்ற பெரிய கூட்டுக்குடும்பம்தான் கணக்கு. நிலம், தென்னந்தோப்பு, பன்றிகள் எல்லாமே துஹெத்துக்குச் சொந்தம். ஊருக்குத் தலைவர் 'கேப்டன்'. தேங்காய் வாங்க வந்த கப்பல்காரர்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பட்டம் அது! கடற்கரையோரம் 'எல்பனம்' என்றொரு பொது இடம். அந்தக் காலத்தில் ஊர்க்கூட்டம், விருந்து எல்லாம் அங்கேதான். பிரசவத்துக்கு ஒரு வீடு, சாவுக்கு ஒரு வீடு என்று தனித்தனியாக அங்கேயே கட்டி வைத்திருந்தார்கள்.

இப்படி எல்லாவற்றையும் கூடியே செய்யும் ஊருக்குள் வெளியிலிருந்து ஒரு மதம் நுழைவது சுலபமா என்ன?

தரங்கம்பாடியிலிருந்து போனவர்கள்

18-ம் நூற்றாண்டில் முயற்சி செய்துபார்த்தார்கள். டென்மார்க்காரர்களின் கோட்டை இன்றும் நிற்கிற நம் தரங்கம்பாடிதான் அதற்குப் புறப்பாட்டு இடம். 1750-களில் நிகோபாரைத் தங்கள் ஆட்சிக்குள் சேர்த்துக்கொண்ட டேனியர்கள், அங்கே குடியேற ஆள் தேடினார்கள். மொராவியன் சபையைச் சேர்ந்த ஜெர்மானிய ஊழியர்கள் முன்வந்தார்கள். 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்து தங்கி, 1768-ல் கார் நிகோபாருக்கும் தெற்கே உள்ள நன்கௌரி தீவில் இறங்கினார்கள்.

அங்கே அவர்களை எதிர்கொண்டது காட்டுக்காய்ச்சல். தீவிலேயே செத்தவர்களும், தரங்கம்பாடிக்குத் திரும்பிய பிறகு செத்தவர்களுமாக இருபது பேருக்கு மேல் பலியானார்கள். உயிர்பிழைத்த ஹென்சல் என்பவர் எழுதிய கடிதங்கள் 1812-ல் லண்டனில் புத்தகமாக வந்தன. மக்களோடு பேசுவதற்குள் பட்ட பாட்டை அதில் சொல்லியிருக்கிறார்.

மொழிச் சிக்கல் லேசானதல்ல. நிகோபார் மொழிகள் கம்போடியாவின் கெமர் மொழிக்குத் தூரத்துச் சொந்தம். அதோடு, இறந்தவரின் பெயரை உச்சரிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வேறு. அந்தப் பெயர் அன்றாடம் புழங்கும் ஒரு சொல்லாகவும் இருந்தால், அந்தச் சொல்லையே கைவிட்டுப் புதுச்சொல் வைத்துக்கொள்வார்கள். கஷ்டப்பட்டுப் படித்த வார்த்தை, ஒரு சாவோடு காணாமல் போகும்!

1787-ல் மொராவியர்கள் மூட்டை கட்டினார்கள். ஒரு சபைகூட உருவாகவில்லை.

வேதப்பன் சாலமன் என்ற உபதேசியார்

1869-ல் தீவுகள் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. 1890-களில் கார் நிகோபாரின் மூஸ் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார் வேதப்பன் சாலமன். மதராஸ் பக்கத்துத் தமிழர். ஆங்கிலிகன் சபையின் உபதேசியார். கூடவே அரசாங்கத்தின் ஏஜென்ட் வேலை. தேங்காய் வியாபாரத்துக்கு வரும் கப்பல்களைக் கவனிக்க வேண்டும், வானிலைக் குறிப்பு எழுத வேண்டும். அவர் எழுதிய நாட்குறிப்புகளின் பகுதிகள் அரசு அறிக்கைகளிலேயே அச்சாகியிருக்கின்றன. 1901-ல் அங்கே போன ஆங்கிலேய ஆய்வாளர் போடன் க்ளாஸும் தன் பயண நூலில் சாலமனைப் பற்றி எழுதியிருக்கிறார்.

மூஸில் அவர் செய்த முக்கியமான வேலை, தீவுப் பையன்களைச் சேர்த்து ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்தியது. நோய் என்று வந்தவர்களுக்குத் தெரிந்த மருந்தையும் கொடுத்தார். ஊரார் கூட்டமாக மதம் மாறிவிடவில்லை. ஆனால், அந்தப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த பையன்களில் ஒருவன் பின்னாளில் தீவையே மாற்றினான்.

ஊர்ப் பையனே பிஷப்!

அந்தப் பையனுக்கு ஜான் ரிச்சர்ட்சன் என்று பெயர் வைத்தார்கள். மேற்படிப்புக்கு பர்மாவில் உள்ள மாண்டலேவுக்கு அனுப்பினார்கள். படித்து முடித்துத் தீவுக்கே வாத்தியாராகத் திரும்பினார். பிற்பாடு குருவானவரும் ஆனார்.

மொராவியர்களைத் திணறடித்த மொழி இவருக்குத் தாய்மொழி. ரோமன் எழுத்தில் அதை எழுதி, தன் மக்களுக்குப் பாடம் சொன்னார், பைபிளை மொழிபெயர்த்தார். 1950-ல் புதிய ஏற்பாடும், 1969-ல் முழு பைபிளும் கார் நிகோபாரி மொழியில் வெளிவந்தன.

ஊர்க்கட்டுமானத்தை அவர் உடைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். துஹெத் அப்படியே இருந்தது, கேப்டன்கள் இருந்தார்கள், பன்றி விருந்தும் இருந்தது. சபை அதற்குள்ளேயே இடம்பிடித்தது. பழைய வழக்கங்களில் சில மறைந்தன. 'பேய் பிடித்தவர்' என்று முத்திரை குத்தி ஒருவரை ஊரே சேர்ந்து கொல்லும் வழக்கத்தை ஆங்கிலேய அரசின் பதிவுகள் சொல்கின்றன. அது ஒழிந்ததில் யாருக்கும் வருத்தம் இருக்காது. ஆனால், நோய்க்குப் பரிகாரம் செய்த 'தமிலுவானா' என்ற மந்திர வைத்தியர்களின் அறிவும், முன்னோர் எலும்புகளைத் தோண்டியெடுத்து மரியாதை செய்த பெருவிருந்துகளும்கூட மங்கிப்போயின. லாபம் நஷ்டம் இரண்டும் சேர்ந்ததுதான் இந்த மாற்றம்.

போரும் நாடாளுமன்றமும்

1942-ல் ஜப்பான் படை தீவுகளைப் பிடித்தது. ஆங்கிலேயருக்கு உளவு சொன்னதாகக் குற்றம்சாட்டி, 1945-ல் கார் நிகோபார் மக்கள் பலரைச் சித்ரவதை செய்து கொன்றார்கள். ரிச்சர்ட்சனும் பிடிபட்டு, உயிர்தப்பினார்.

ஊரே ரத்தம் சிந்திய அந்த நாள்களில் கூடவே நின்றவர் என்பதால், போருக்குப் பிறகு மக்கள் அவரைத் தங்கள் தலைவராகவே பார்த்தார்கள். தீவின் கிறிஸ்தவ சபை வேகமாக வளர்ந்ததும் அப்போதுதான். 1950-ல் அவர் பிஷப் ஆனார். 1952-ல் அமைந்த முதல் மக்களவையில் அந்தமான் நிகோபாரின் நியமன உறுப்பினராக உட்கார்ந்தார். 1965-ல் பத்மஸ்ரீ, 1975-ல் பத்மபூஷண். 1978-ல் மறைந்தார். தீவின் அரசு மருத்துவமனைக்கு இன்று அவர் பெயர்தான்.

2004, கிறிஸ்துமஸுக்கு மறுநாள்

வேளாங்கண்ணியையும் நாகப்பட்டினத்தையும் புரட்டிப்போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை காலையை நாம் மறக்க மாட்டோம். நமக்குப் பூகம்பத்துக்கும் அலைக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கார் நிகோபாருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. பூமி அதிர்ந்த கொஞ்ச நேரத்திலேயே கடல் உள்ளே வந்துவிட்டது. வீடுகளும் எல்பனங்களும் இருந்ததோ கடற்கரையோரம். கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் முடிந்த மறுநாள் காலை வேறு. மனிதர்கள், வீடுகள், தேவாலயங்கள், தோப்புகள் எல்லாம் போயின. 2001-ல் 42,068 ஆக இருந்த நிகோபார் மாவட்ட மக்கள்தொகை, 2011-ல் 36,842 ஆகக் குறைந்திருந்தது.

மிஞ்சியவர்கள் தீவின் உட்பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். முதலில் தகரக்கொட்டகை, பிறகு அரசு கட்டிய நிரந்தர வீடு. அங்கேதான் அடுத்த அடி. நிவாரணப் பணமும் வீடும் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற கணக்கில் பிரித்துக் கொடுக்கப்பட்டன. துஹெத் என்ற ஒன்றை அரசுப் படிவத்தில் எழுத இடமில்லை. போரும் மதமாற்றமும் கலைக்காத கூட்டுக்குடும்பம், வங்கிக் கணக்கு தனித்தனியானதும் தளர ஆரம்பித்தது என்று அங்கே போய் ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கிடைக்கிற பணத்தைப் பொதுவில் வைத்துப் பழகியவர்களுக்கு, 'இது என் பங்கு' என்ற பேச்சு புதுசு.

வீடு பிரிந்தாலும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் துஹெத்தாரெல்லாம் ஒன்றாக உட்கார முடிகிறது. கிறிஸ்துமஸ் வந்தால் பாட்டும் விருந்தும் இன்னமும் ஊர்ப்பொதுவாகத்தான். ஒருகாலத்தில் அந்நியர் கொண்டுவந்து, ஊர் ஏற்க மறுத்த மதம், இன்று அந்த ஊர் ஊராக இருப்பதற்கான காரணங்களில் ஒன்று.

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் கோட்டையின் முன்னால் நின்று செல்ஃபி எடுக்காமல் திரும்புவதில்லை. அடுத்த முறை போகும்போது கிழக்கே கடலையும் கொஞ்சம் பாருங்கள். பெரிய கப்பலில் போன வெள்ளைக்காரப் பாதிரியார்களால் முடியாததை, நம்மில் பலர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு தமிழ் உபதேசியாரின் பள்ளிக்கூடமும், அங்கே படித்துவிட்டுத் தன் ஊருக்கே திரும்பிய ஒரு பையனும் செய்து காட்டிய தீவு, அந்தத் திசையில்தான் இருக்கிறது.