வீட்டிற்குள் நுழையும் ஏளனம்

பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏளனம் செய்வது புதிதன்று. நம் காலத்திலும் பட்டப்பெயர்கள் இருந்தன; கண்ணீரும் இருந்தது. ஆயினும் மாலை மணி அடித்ததும் அவ்வேளனம் பள்ளி வாசலோடு நின்றுவிடும். வீடு நமக்குப் புகலிடமாயிருந்தது. இன்றோ வாட்ஸ்அப் குழுவிலும் இன்ஸ்டாகிராமிலும் எழுதப்படும் இழிசொல், இரவு 11 மணிக்கும் பிள்ளையின் தலையணையருகே வந்து நிற்கிறது. எழுதியவர் யாரென்றும் பல வேளைகளில் தெரிவதில்லை; பார்த்தவர் எத்தனை பேரென்றும் தெரிவதில்லை.

எங்கள் பங்கைச் சேர்ந்த 9-ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி, மூன்று வாரங்களாகப் பள்ளிக்குச் செல்ல மறுத்தாள். வயிற்றுவலி என்றாள், மருந்தும் பயன் தரவில்லை. இறுதியில் தன் அத்தையிடம் உண்மையைச் சொன்னாள். அவள் முகத்தை ஒரு கேலிப் படத்தோடு ஒட்டி, உடன் படிப்போர் சிலர் குழுவில் பரப்பியிருந்தனர். "அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சொன்னால் போனைப் பிடுங்கிக்கொள்வார்கள், ஃபாதர். 'நீ என்ன செய்தாய்?' என்று என்னைத்தான் கேட்பார்கள்" என்றாள்.

பெற்றோரே, இவ்விரு அச்சங்களே நம் பிள்ளைகளின் வாயைப் பூட்டுகின்றன. கைப்பேசியைப் பறிப்பது, துன்புறுத்தியவர்க்கன்று, துன்புற்ற பிள்ளைக்கே தண்டனையாகிறது. தோழியரின் ஆறுதலும் அதனோடு போய்விடுகிறது. ஆகவே துன்பம் வருமுன்னரே, "எது நேர்ந்தாலும் எங்களிடம் சொல், உன்மேல் பழி சுமத்தமாட்டோம், போனையும் பறிக்கமாட்டோம்" என்று சொல்லி வையுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்.

பிள்ளை மனம் திறந்தால், முதலில் குறுக்கிடாது கேளுங்கள். பதிலுக்கு வசை எழுத வேண்டாம். வந்ததை அழிக்கவும் வேண்டாம். நாள், நேரம், அனுப்பியவரின் கணக்குப் பெயர் ஆகியன தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, அதன் பின்னரே அக்கணக்கை பிளாக் செய்து, அச்செயலியிலும் புகார் அளியுங்கள். தலைமையாசிரியரை நேரில் கண்டு பேசுங்கள். படம் ஆபாசமானதாயின், சான்றுக்கென்றுகூட அதனை எவருக்கும் அனுப்பாதீர்கள். 18 வயது நிரம்பாதோரின் அத்தகைய படத்தைப் பரப்புதல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றமாகும். அந்நிலையிலும், மிரட்டல் வரும்போதும், காவல்துறையையோ 1930 என்னும் எண்ணையோ தயங்காது நாடுங்கள். 1098 என்னும் எண்ணைப் பிள்ளைகள் தாமே அழைத்து உதவி கேட்கலாம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். கேலிப் படத்தை உருவாக்குகிறவர் ஒருவர். சிரிப்புக் குறியிட்டும் பிறர்க்கு அனுப்பியும் அதை வளர்ப்பவர் பலர். அம்மாணவியின் வகுப்புத் தோழியர் இருவர் "இதை நிறுத்துங்கள்" என்று குழுவில் எழுதினர். மறுநாள் காலை அவள் வீட்டிற்கே வந்து, அவளை நடுவில் நிறுத்திப் பள்ளிக்கு அழைத்துச் சென்றனர். மருத்துவராலும் என்னாலும் இயலாததை அவ்விருவரும் செய்து முடித்தனர்.