ஏலா, லாகரா?

பீர்னாலே நம்ம பசங்களுக்கு ரெண்டு வகைதான், ஸ்ட்ராங், லைட். ரெண்டுமே பெரும்பாலும் லாகர்தான் மக்களே! (21 வயசு ஆகாதவங்க இத்தோட எஸ்கேப் ஆயிடுங்க.)

ஏலுக்கும் லாகருக்கும் வித்தியாசம் நிறத்துலயோ போதையிலயோ இல்லை, ஈஸ்ட்ல இருக்கு. ஏல் ஈஸ்ட் 20 டிகிரி பக்கம் வேகமா வேலை பார்க்கும், பழ வாசனையையும் விட்டுட்டுப் போகும். லாகர் ஈஸ்ட்டுக்கு 10 டிகிரி மாதிரி குளிர் வேணும். அப்புறமும் வாரக்கணக்கா குளிர்லயே கிடக்கணும். ஜெர்மன்ல 'லாகர்ன்'னா சேமிச்சு வைக்கிறது. காமர்ஸ்காரன் கண்ணுக்கு, சரக்கும் முதலும் சேர்ந்து முடங்கிக் கிடக்கிற பிழைப்பு. 1870களில் கார்ல் ஃபான் லிண்டே குளிர்பதன இயந்திரம் செஞ்சப்போ, முதல்ல வாங்கினவங்க பீர் கம்பெனிக்காரங்கதான்.

என் ஓட்டு ஏலுக்கு. பெங்களூர்ல ஒரு பப்ல, அங்கேயே தயாரிச்ச ஹெஃபவைசன் குடிச்சேன். கோதுமை பீர், ஏல் வகை. வாழைப்பழமும் போடலை, கிராம்பும் போடலை, ஆனா ரெண்டும் மணக்குது! எல்லாம் ஈஸ்ட் பண்ற வேலை. நாக்கு மரத்துப் போற சில்லுல குடிக்கிற லாகர்ல வாசனையை எங்க தேடுறது? சென்னை மே மாச வெயில்ல மட்டும் லாகர் பக்கம் சாய்வேன், நியாயம்னு ஒண்ணு இருக்கே.

வயித்தெரிச்சல் என்னன்னா, இந்தியா பேல் ஏல்னு ஒண்ணு. 19ஆம் நூற்றாண்டுல இங்க இருந்த வெள்ளைக்காரங்களுக்காக இங்கிலாந்துலேர்ந்து கப்பல்ல வந்த சரக்கு. பேர்ல இந்தியா இருக்கு, எங்க ஏரியா கடையில அது இல்லை. பாக்கெட் மணியில பெங்களூர் பஸ் டிக்கெட்டுக்குத் தனியா எடுத்து வெச்சுக்கிட்டு இருக்கேன்.