பெலெம் பணிகாரம்

அயல்நாடு செல்வோர் அங்குள்ள மாளிகைகளைக் காண்பர், கலைக்கூடங்களைக் காண்பர், கடைத்தெருக்களையும் சுற்றி வருவர். ஆயினும், ஒரு நாட்டு மக்களின் வாழ்வை உள்ளவாறு அறிய விழைவோர்க்கு அவர்தம் உணவும் ஒரு வாயிலாகும். நூல்கள் கூறாத செய்திகள் பலவற்றை ஒரு சிறு பணிகாரம் கூறுவதுண்டு. போர்ச்சுகல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் புகழ்பெற்று விளங்கும் பெலெம் பணிகாரம் அத்தகைய ஒன்றாகும்.

லிஸ்பன் நகரின் எத்தெருவிற்குச் சென்றாலும் முட்டைப் பாகு நிறைந்த சிறு பணிகாரங்கள் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவற்றை அந்நாட்டார் ‘பஷ்டெல் டி நாட்டா’ என்பர். ‘நாட்டா’ என்பது பாலேட்டைக் குறிக்கும் சொல். ஆனால், பெலெம் என்னும் பகுதியிலுள்ள ஒரே ஒரு பழங்கடையில் செய்யப்படுவதற்கு மட்டும் ‘பெலெம் பணிகாரம்’ என்னும் தனிப்பெயர் உண்டு. அதனை நாடி நாள்தோறும் பன்னாட்டுப் பயணியரும் செல்கின்றனர். தெருதோறும் அதனை ஒத்த பண்டம் கிடைக்கும்போது, நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் மேற்கே செல்வது எதன்பொருட்டு என்னும் வினா எழுதல் இயல்பே.

பயணியர் பலர் டிராம் வண்டியில் ஏறிச் செல்வர். டேகஸ் ஆறு கடலை நோக்கி அகன்று செல்லும் காட்சியை வழியில் காணலாம். பெலெமில் இறங்கியவுடன், வெண்ணிறக் கற்களால் எழுப்பப்பட்ட ஜெரோனிமோஸ் மடம் கண்ணைக் கவர்ந்து நிற்கும். அதற்குச் சிறிது தொலைவிலேயே பணிகாரக் கடை உள்ளது. வாயிலில் மக்கள் வரிசையாக நிற்பர். உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் செல்லும். சுவர்களில் நீலமும் வெண்மையும் கலந்த ஓவிய ஓடுகள் பதிக்கப்பட்டிருக்கும்.

பணிகாரமோ உள்ளங்கையில் அடங்கும் அளவினது. மெல்லிய மாவுத் தாள்கள் பல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து சிறு கிண்ணம்போல் அமைந்திருக்கும். அதனுள்ளே முட்டையின் மஞ்சட்கருவும் பாலும் சர்க்கரையும் சேர்ந்த பாகு நிறைந்திருக்கும். மிகுந்த வெப்பமுள்ள அடுப்பில் சுடப்படுவதால் மேற்புறத்தில் ஆங்காங்கே கருமை படர்ந்திருக்கும். யாழ்ப்பாணத் தமிழர் ரொட்டி சுடும் அடுப்பைப் ‘போறணை’ என்கின்றனர். அச்சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்ததே. சூடு ஆறாத பணிகாரத்தின்மேல் இலவங்கப்பட்டைப் பொடியையும் சர்க்கரைப் பொடியையும் தூவி உண்பது அங்குள்ளோர் வழக்கம். கடித்தவுடன் மேலோடு நொறுங்கும். பாகு நாவிற் கரையும்.

இச்சுவை பிறந்த வரலாறு துன்பத்தோடு தொடர்புடையது. முற்காலத்தில் அந்நாட்டு மடங்களில் துணிகளுக்குக் கஞ்சியிட முட்டையின் வெண்கருவைப் பயன்படுத்தினர் என்பர். எஞ்சிய மஞ்சட்கருவை வீணாக்க மனமின்றி, அதனைக் கொண்டு இனிப்புகள் செய்தனர். 1820ஆம் ஆண்டில் போர்ச்சுகலில் அரசியற் புரட்சி தோன்றியது. அதனைத் தொடர்ந்த மாறுதல்களால் 1834ஆம் ஆண்டில் துறவியர் மடங்கள் மூடப்பட்டன. ஜெரோனிமோஸ் மடத்தில் வாழ்ந்தோரும் அங்குப் பணி செய்தோரும் வெளியேற நேர்ந்தது. அவர்களுள் ஒருவர் வயிற்றுப் பிழைப்பிற்காக இப்பணிகாரத்தை விற்கத் தொடங்கினார் என்று கூறுவர். அவர் பெயரை உலகம் அறியாது. அவர் கைப்பக்குவத்தையே அறியும். மடத்தின் அருகில் அக்காலத்தில் ஒரு சர்க்கரை ஆலை இருந்தது. அதனை ஒட்டிய இடத்தில் 1837ஆம் ஆண்டு முதல் இப்பணிகாரம் செய்யப்பட்டு வருகின்றது. அந்நாளில் பெலெம் நகருக்குப் புறத்தே இருந்தது. மடத்தைக் காண நீராவிப் படகில் வந்தோர் இதனைச் சுவைத்து, இதன் புகழை எங்கும் பரப்பினர்.

செய்முறை இன்றும் மறைபொருளாகவே காக்கப்படுகிறது. தனியறை ஒன்றில், அம்முறை அறிந்த சிலர் மட்டுமே மாவையும் பாகையும் பக்குவம் செய்கின்றனர். ஒரு கைத்தொழில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வருவதற்கு இஃது ஒரு சான்றாகும்.

இனி, இப்பணிகாரத்தின்மேல் தூவப்படும் இலவங்கப்பட்டையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். அஃது ஐரோப்பாவில் விளைவதன்று. இலங்கையின் காடுகளில் வளர்ந்த மரத்தின் பட்டை. 1497ஆம் ஆண்டில் வாஸ்கோடகாமா பெலெமிலிருந்தே கப்பலேறினார். மறு ஆண்டில் கோழிக்கோட்டை அடைந்தார். அவருடைய கல்லறை அம்மடத்துக் கோயிலிலேயே உள்ளது. கீழ்நாடுகளிலிருந்து வந்த மிளகு முதலிய பண்டங்களின்மேல் விதித்த வரிப்பணமே அம்மடத்தை எழுப்பப் பெரிதும் உதவியது. இலங்கையின் கரையோரத்தைப் போர்த்துகீசியர் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தபோது, பட்டை உரிக்கும் தொழிலாளர் ஆண்டுதோறும் குறித்த அளவு பட்டையைத் தந்தாக வேண்டியவராயினர்.

சர்க்கரையின் கதை இதனினும் கொடியது. போர்த்துகீசியர் பிரேசில் நாட்டில் கரும்புத் தோட்டங்களை அமைத்தனர். ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக்கிக் கடல் கடந்து கொண்டு சென்று, அத்தோட்டங்களில் வருத்தி வேலை வாங்கினர். பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888ஆம் ஆண்டிலேதான். ஐரோப்பியர் சமையற்கூடங்களில் சர்க்கரை பெருகியதற்கு அம்மக்கள் சிந்திய வியர்வையும் கண்ணீரும் காரணமாகும். உண்போர் நாவிற்கு இனித்தது, விளைத்தோர் வாழ்விற்குக் கசந்தது.

இவற்றை அறிந்தபின் அப்பணிகாரத்தை வெறுத்தல் வேண்டுமோ? வேண்டுவதில்லை. இன்று அதனைச் செய்வோர் தம் உழைப்பால் வாழும் தொழிலாளர். அவர் கைத்திறன் போற்றத்தக்கதே. ஆயினும், சுவைத்தலோடு நின்றுவிடுதல் அறிவுடைமை ஆகாது. வாழ்விழந்த ஒருவரின் முயற்சியும், பட்டை உரித்தோரின் பாடும், கரும்பு வெட்டிய அடிமைகளின் துயரும் அச்சிறு பண்டத்தினுள் அடங்கியிருக்கின்றன.

தொலைவு பாராது பெலெமிற்குச் செல்வதன் பயன் இதுவே. பண்டத்தை எங்கும் வாங்கலாம். மடமும், ஆறும், கப்பல்கள் புறப்பட்ட கரையும் கண்ணெதிரே நிற்க, அதன் வரலாற்றை எண்ணியவாறு உண்ணும் வாய்ப்பு அவ்வோரிடத்திலேதான் கிடைக்கும். உணவின் சுவையை நா அறியும். அதன் விலையை உள்ளமே அறியும்.