மாடு மேய்ந்த தரையில் ஒரு கூடு

கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரிலிருந்து 14-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால், ஆல்ட் என்ற சிற்றூர் வரை மக்காச்சோளமும் குதிரைமசாலும் பச்சையாக நிற்கின்றன. அதைத் தாண்டினால் வாய்க்கால் தண்ணீர் எட்டுவதில்லை. பச்சை வெளுத்துச் சாம்பல் நிறப் புல்லாகிறது. மரம் என்று ஒன்றும் கிடையாது. ராக்கி மலைகள் முதுகுப் பக்கம் சிறுத்துக்கொண்டே வர, முன்னால் வானம்தான் இருக்கிறது. பிரிக்ஸ்டேல் என்ற ஊரை ஒட்டி பாவ்னீ தேசியப் புல்வெளி விரிகிறது. ஜூன் மாதக் காலையில் அக்கா மகள் வண்டியை ஓட்ட, நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். அவள் மேய்ச்சல் நிலச் சூழலியல் படிக்கிறவள்.

புல்வெளி என்றதும் இடுப்பளவு புல் காற்றில் அலையடிக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். இந்தப் புல் கணுக்காலைத்தான் தொடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 340 மில்லிமீட்டர் மழை பெய்கிற நாட்டில் அவ்வளவுதான் வளரும். பெரும்பகுதி ப்ளூ கிராமா, இடையிடையே பஃபலோ புல், அங்கங்கே தரையோடு தரையாகச் சப்பாத்திக்கள்ளி. ப்ளூ கிராமாவின் கதிர் புருவம்போல ஒருபக்கமாக வளைந்து நிற்கும். இந்தச் செடியின் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. வளரும் முனையும் தரையை ஒட்டியே இருப்பதால் வாய்வைத்துக் கடித்தாலும் சாகாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காட்டெருமை மந்தைகள் கடித்துக் கடித்து வளர்த்தெடுத்த புல் இது.

அது தாங்காத ஒன்று ஏர். 1862-இன் குடியேற்றச் சட்டமும் அதற்குப் பின் வந்தவையும் நிலத்தை இலவசமாகக் கொடுக்க, உழவர்கள் வந்து இந்த வேர்ப்பின்னலைக் கிழித்துக் கோதுமை விதைத்தார்கள். மழை பெய்த வருஷங்களில் விளைந்தது. 1930-களின் வறட்சியில் பிடிப்பில்லாத மண் எழுந்து வானத்தை மூடியது. டஸ்ட் பவுல் என்று வரலாறு பதிந்துவைத்திருக்கும் அழிவு அது. ஊரைக் காலிசெய்துவிட்டுப் போனவர்களின் நிலத்தை அரசு விலைகொடுத்து வாங்கி, மீண்டும் புல் விதைத்தது. அப்படி மீட்ட துண்டுகள்தாம் 1960-இல் தேசியப் புல்வெளி ஆயின. பாவ்னீயில் சுமார் 1,93,000 ஏக்கர், வனத்துறையின் பொறுப்பில். ஆனால் ஒரே பரப்பாக இல்லை. அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டங்களாக மாறிமாறி வருகின்றன. அரசு நிலத்தில் அனுமதிச்சீட்டு பெற்ற பண்ணைக்காரர்களின் மாடுகள் மே மாதம் முதல் இலையுதிர் காலம் வரை மேய்கின்றன.

நாங்கள் தேடிப்போனது மலை உப்புக்கொத்தி. பெயரில்தான் மலை, அது வாழ்வதெல்லாம் இந்தச் சமவெளியில். வண்டியை மண்பாதையில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். மாடுகள் ஒட்டக் கடித்துப்போட்ட மேடு. புல்லைவிட வெறுந்தரைதான் அதிகம்.

"சித்தி, அந்தக் காய்ஞ்ச சாணிக்குப் பக்கத்துல பாருங்க. அசையுது."

மண்ணின் நிறம், வெள்ளை வயிறு. நாலடி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நின்றுவிட்டால் தரையில் கரைந்துவிடும். மண்ணில் ஒரு சின்னக் குழியைப் பறித்து, பெரும்பாலும் மூன்று முட்டை இடும் பறவை இது. காய்ந்த சாணித் துண்டின் அருகில் கூடு வைப்பது இதன் வழக்கம். முதல் மூன்றை ஆணிடம் அடைகாக்க விட்டுவிட்டு, பெண் வேறோர் இடத்தில் இன்னும் மூன்று இட்டுத் தானே அடைகாக்கிறது. ஆளுக்கொரு குடும்பம். ஒட்ட மேய்ந்த தரையோ, தீயில் கருகிய தரையோ, ப்ரேரி நாய்கள் என்ற அணில் இனத்துக் கொறிணிகள் கொறித்து வெறுமையாக்கிய தரையோ இதற்கு வேண்டும். சுற்றும் புல் உயர்ந்துவிட்டால் நரி வருவது தெரியாது. அந்த இடத்தை விட்டுப் போய்விடும்.

அந்த மேட்டை ஒட்டிய முள்கம்பி வேலிக்கு மறுபுறம் மேய்ச்சல் குறைவு. அங்கே உயரப் புல்லும் உப்புச் செடிப் புதர்களும் இருந்தன. கரிய உடலும் வெள்ளைச் சிறகுத் திட்டுமாக லார்க் பன்டிங் ஆண்கள் மேலெழும்பிப் பாடிக்கொண்டு இறங்கின. கொலராடோவின் மாநிலப் பறவை அது. அதன் கூட்டுக்குப் புதரின் நிழல் வேண்டும். இந்தப் பக்கத்து உப்புக்கொத்திக்கு அந்தப் பக்கம் ஆகாது. அந்தப் பக்கத்துப் பன்டிங்குக்கு இந்தப் பக்கம் ஆகாது. நடுவில் ஒரு கம்பி வேலி.

இந்த நிலத்தின் சிக்கல் முழுவதும் அந்த வேலியடியில் நின்றால் புரிகிறது. மாடு மேயலாமா கூடாதா என்பது இங்கே கேள்வியே இல்லை. முன்பு காட்டெருமை ஓரிடத்தை மொட்டையடித்துவிட்டு எங்கோ போகும். இன்னோரிடம் பற்றி எரியும். ப்ரேரி நாய்கள் ஓரிடத்தில் ஊர் அமைக்கும். கைவிட்ட அவற்றின் வளைகளில் ஆந்தை குடியேறும். நிலம் திட்டுத்திட்டாக இருந்தது. ஒவ்வோர் உயிருக்கும் ஏதாவதொரு திட்டு கிடைத்தது. பண்ணைக்காரர்கள் கற்ற நல்ல மேய்ச்சல்முறையோ எல்லா இடத்தையும் அளவாக, சமமாக மேய்க்கச் சொல்கிறது. மண்ணுக்கு அது நல்லதுதான். ஆனால் சமமான புல்வெளியில் இரு ஓரத்து உயிர்களுக்கும் இடமில்லாமல் போகிறது. வட அமெரிக்காவின் புல்வெளிப் பறவைகளில் பாதிக்கு மேல் 1970-க்குப் பிறகு குறைந்துவிட்டன என்று 2019-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதற்கு உழவு, பூச்சிமருந்து என்று பெரிய காரணங்கள் உண்டு. இந்தச் சமமான மேய்ச்சலும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

பாவ்னீயை ஒட்டி நன் என்ற ஊருக்கருகில் வேளாண் துறையின் ஆய்வுப் பண்ணை இருக்கிறது. 1939-இல் அங்கே ஒரு சோதனை தொடங்கினார்கள். ஒரு வயலில் புல்லில் ஐந்தில் ஒரு பங்கு, இன்னொன்றில் இரண்டு பங்கு, மற்றொன்றில் மூன்று பங்கு மேயவிட்டுப் பார்ப்பது. கடுமையாக மேய்ந்த வயலிலும் ப்ளூ கிராமா அழியவில்லை. அதுவும் பஃபலோ புல்லும் கூடவே செய்தன. குறைந்தவை குளிர் பருவத்தில் தழைக்கும் உயரப் புற்கள். ஒரு தலைமுறைக்கும் மேலாக ஒரே நிலத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

அங்கே பின்னால் நடந்த இன்னொரு சோதனை என்னை அதிகம் யோசிக்கவைத்தது. பண்ணைக்காரர்கள், பறவைப் பாதுகாப்பு அமைப்பினர், அரசு அலுவலர்கள் என 11 பேரை ஒரே மேசையில் உட்காரவைத்து, இந்த மந்தையை எந்த வயலில் எப்போது மேய்ப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்கள். தலா 320 ஏக்கரில் 10 வயல்கள். ஒரே பெரிய மந்தையை வயல் வயலாக மாற்றி, சில வயல்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள். பருவம் முழுக்க ஒரே வயலில் விட்ட காளைகளோடு ஒப்பிட்டால், இவற்றின் எடைக்கூடுதல் முதல் ஐந்து ஆண்டுகளில் 12 முதல் 16 சதவீதம் குறைவு. மந்தை நெருக்கமானால் மாடு நல்ல புல்லைப் பொறுக்கித் தின்ன முடிவதில்லை. எடைதான் பண்ணைக்காரரின் வருமானம். நினைத்தது நடக்கவில்லை என்பதை மறைக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்காகவே அந்தச் சோதனையை மதிக்கிறேன்.

ப்ரேரி நாய் விஷயத்திலும் கணக்கு இதுதான். வயலில் 20 சதவீதம் அவை பரவினால் காளையின் எடைக்கூடுதல் 5.5 சதவீதம் குறைகிறது. 60 சதவீதம் பரவினால் ஏறக்குறைய 14. பயந்த அளவுக்கு இல்லை, ஆனால் இல்லாமலும் இல்லை. தண்ணீர்த் தொட்டியருகே வேலி சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அக்கா மகள் இதைக் கேட்டாள். "மழை பெய்ஞ்ச வருஷம் நானும் தாராளமா இருப்பேன்மா. பெய்யாத வருஷம் ஒவ்வொரு புல்லையும் எண்ண வேண்டியிருக்கு" என்றார். அவருடைய தொட்டிக்குள் கம்பிவலையில் ஒரு சாய்தளம் பொருத்தியிருந்தது. தண்ணீர் குடிக்க வந்து தவறி விழும் பறவைகள் ஏறித் தப்பிக்க. வேலியின் அடிக்கம்பியும் முள்ளில்லாத வெறுங்கம்பி. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு விட்டுக் கட்டியிருந்தார். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் மான்போன்ற ப்ரான்ஹார்ன் வேலியைத் தாண்டிக் குதிக்காது, அடியில் நுழைந்துதான் போகும்.

இவரைப் போன்றவர்கள் பண்ணையை விற்றால் அடுத்து வருவது காட்டெருமை அல்ல, உழவோ வீட்டுமனையோதான். அதனால்தான் சொல்கிறேன்: மாட்டை விரட்டுவது இந்தப் பறவைகளைக் காக்காது. ஒரு வயலை ஒட்ட மேய்க்கவும் இன்னொன்றைத் தொடாமல் விடவும் ஒப்புக்கொள்கிற பண்ணைக்காரர் இழக்கும் எடைக்கு, பறவை வேண்டும் என்கிற நாம் பணம் கொடுக்க வேண்டும். அந்தச் சுமையை அவர் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

கொலராடோ பக்கம் போகிற நம்மவர்கள் மலைக்கு ஒதுக்கும் நாட்களில் ஒன்றைக் கிழக்குக்கும் ஒதுக்குங்கள். மே, ஜூன் மாதங்கள் நல்லவை. மழை பெய்தால் மண்பாதை சேறாகும், அன்று போக வேண்டாம். பாவ்னீ பியூட்ஸ் குன்றுகளைப் பார்க்கலாம். ஆனால் கழுகும் வல்லூறும் கூடு வைக்கும் மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை பாறைகளை ஒட்டிய பகுதிகளை மூடிவைத்திருப்பார்கள், அதை மீறாதீர்கள். மூடியிருந்த கேட்டைத் திறந்து போனால் மறுபடி மூடிவிட்டு வாருங்கள். மேய்ந்த தரையில் நடக்கும்போது, சாணி கிடக்கும் இடங்களில் அடியெடுத்து வைக்குமுன் குனிந்து பாருங்கள்.