இளநீர் தீவில் பாட்டில் தாகம்

கார் நிக்கோபாருக்கு நினைத்தவுடன் கப்பல் ஏறிவிட முடியாது. பழங்குடியினரைப் பாதுகாக்கும் 1956-ம் ஆண்டு விதிகளின்படி அனுமதிச் சீட்டு வேண்டும். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரோடு பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் நின்றுவிடுகிறார்கள். அபர்தீன் பஜாரில் இளநீர் குடிப்பதோடு சரி. பேரம் பேசப் பெரும்பாலும் தமிழே போதும்.

தெற்கே நிக்கோபாரிகளுக்கோ இளநீர் வழிப்போக்கில் குடிக்கும் சமாசாரமல்ல. தாகத்துக்குத் தண்ணீரைவிட அதைத்தான் அதிகம் குடிக்கிறார்கள் என்று 19-ம் நூற்றாண்டில் வந்துபோன ஐரோப்பியர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் எடுத்து வைப்பதும் தேங்காய்க் குடுக்கையில்தான். பன்றிகளுக்குத் தீனி தேங்காய். வியாபாரிகளிடம் துணிக்கும் அரிசிக்கும் விலை தேங்காய்க் கணக்கில். (ராஜேந்திர சோழனின் தஞ்சாவூர்க் கல்வெட்டில் வரும் நக்கவாரம் இந்தத் தீவுக்கூட்டம்தான்.)

அதே மரம் கள்ளும் தரும். பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தில் சொட்டும்போது அது வெறும் இனிப்புச் சாறு. சில மணி நேரத்தில் ஈஸ்ட் வேலையைக் காட்டிவிடும், சர்க்கரை சாராயமாகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது என்பது நம்மூர் பதநீர்க்காரர்களின் பாலபாடம். நிக்கோபாரிகள் புளிக்கவிட்டே குடித்தார்கள், முக்கியமாக விருந்துகளில். ஆனால் மரம் ஏறினால்தான் கள். அதற்கு ஓர் அளவு இருந்தது.

2004 டிசம்பர் 26 சுனாமி அந்த அளவையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. தட்டையான தீவு; கரையோரத் தோப்புகள் சாய்ந்தன, கிணறுகளில் உப்பு ஏறியது. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷமாவது ஆகும். தாகம் அதுவரை காத்திருக்குமா? துஹேத் என்ற கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தவை அந்த மரங்கள். நிவாரணமோ தனிக் குடும்பங்களின் கையில் ரொக்கமாக வந்தது. பணத்தின் பின்னாலேயே குளிர்பானமும் மதுவும் பாட்டிலில் வந்தன. குடி கூடியதைப் பிறகு அங்கு ஆய்வு செய்த மானிடவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதற்குக் கள்ளைக் குறை சொல்வது நியாயமாகாது. கள்ளுக்கு ஊரும் விருந்தும் தேவைப்பட்டன. பாட்டிலுக்குக் காசு மட்டும் போதும், தனியாகவே திறக்கலாம்.