நவம்பர் 9: ஊழும் வினையும்

நுழையும்முன்

ஒரே தேதியில் நிகழ்ந்தவற்றைத் தொகுத்துப் படிப்பது பொது அறிவை வளர்க்கும். அவற்றுக்கிடையே உள்ள உறவை ஆராய்வது வரலாற்றறிவைத் தரும். அத்தகைய ஆய்வுக்கு ஜெர்மனியின் நவம்பர் 9 தக்கதொரு சான்று.

பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் 'வரலாற்றில் இன்று' வாசிக்கப்படுகிறது. போர் ஒன்று, பிறப்பு ஒன்று, கண்டுபிடிப்பு ஒன்று எனச் செய்திகள் அடுக்கப்படுகின்றன. கேட்போர் வியக்கின்றனர், வகுப்பறைக்குச் சென்று சேருமுன் மறந்தும் விடுகின்றனர். தேதியைத் தவிர அச்செய்திகளை இணைக்கும் இழை வேறு இல்லை என்பதே அம்மறதிக்குக் காரணம். எல்லாத் தேதிகளும் அவ்வாறு அமைவதில்லை. ஒரு நிகழ்வின் நினைவே மற்றொரு நிகழ்வை அதே தேதிக்கு அழைத்து வருவதும் உண்டு. நவம்பர் 9-ஐ ஜெர்மானியர் 'ஊழின் நாள்' என்று குறிப்பிடுவர். அந்நாளில் செயற்பட்டது ஊழ்தானா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

குடியரசின் விடியல்

1848ஆம் ஆண்டு ஐரோப்பாவின் பல நகரங்களில் மக்களுரிமை வேண்டிப் புரட்சிகள் வெடித்தன. பிராங்க்பர்ட்டில் கூடிய தேசிய மன்றத்தின் உறுப்பினர் ராபர்ட் புளூம், வியன்னாவில் புரட்சியாளர் பக்கம் நின்றார். நகரைக் கைப்பற்றிய பேரரசின் படை, மன்ற உறுப்பினர்க்குரிய பாதுகாப்பையும் பொருட்படுத்தாமல் நவம்பர் 9 அன்று அவரைச் சுட்டுக் கொன்றது.

எழுபது ஆண்டுகளுக்குப் பின், 1918இல் அதே நாளில் முடியாட்சியே வீழ்ந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மனியின் தோல்வி உறுதியாகிவிட்டது. கீல் துறைமுகத்தில் கடற்படை வீரர்கள் தொடங்கிய கிளர்ச்சி நாடெங்கும் பரவியது. பேரரசர் இரண்டாம் வில்லெம் பதவி விலகினார் என்னும் அறிவிப்பு, அவர்தம் ஒப்புதலுக்குக் காத்திராமலேயே வெளியிடப்பட்டது. நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து பிலிப் ஷைடமான் குடியரசை அறிவித்தார். அன்று பிற்பகலிலேயே கார்ல் லீப்னெக்ட் சமவுடைமைக் குடியரசை அறிவித்தார். ஒரே நகரில், ஒரே நாளில் இரு குடியரசுகள் முழங்கப்பட்டன. பிறந்த அன்றே பிளவைக் கண்ட ஆட்சிக்குப் பகைவர் உருவாக நெடுங்காலம் தேவைப்படவில்லை.

வஞ்சமும் வன்முறையும்

போரை நடத்தியவர்களை விடுத்து, குடியரசை நிறுவியவர்களே தோல்விக்குக் காரணர் என்னும் பொய் பரப்பப்பட்டது. 'நவம்பர் குற்றவாளிகள்' என்னும் வசைச்சொல்லும் பிறந்தது. அச்சொல்லை ஓயாது முழங்கியவர்களுள் ஒருவர் அடால்ப் ஹிட்லர். 1923 நவம்பர் 8 இரவில் மியூனிக் நகர மதுக்கூடம் ஒன்றில் அவர் ஆட்சிக் கவிழ்ப்பைத் தொடங்கினார். மறுநாள் நடந்த ஊர்வலத்தைக் காவல்துறை தடுத்தது. துப்பாக்கிச் சூட்டில் காவலர் நால்வர் உட்பட 20 பேர் உயிரிழந்தனர். ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற ஹிட்லர், தீர்ப்பு வழங்கப்பட்ட ஆண்டு முடிவதற்குள்ளாகவே விடுதலை பெற்றார். 1933இல் ஆட்சியைப் பிடித்ததும், அத்தோல்வி நாளையே வீரவணக்க நாளாக ஆண்டுதோறும் கொண்டாடச் செய்தார்.

அடுத்த நவம்பர் 9-க்கு வழிவகுத்தது அந்தக் கொண்டாட்டமே. 1938இல் பாரிசில் 17 வயது யூத இளைஞன் ஒருவனால் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அலுவலர், நவம்பர் 9 அன்று இறந்தார். நினைவு நாளுக்காக நாஜிக் கட்சித் தலைவர்கள் அனைவரும் அப்போது மியூனிக்கில் கூடியிருந்தனர். அங்கே கோயபல்ஸ் ஆற்றிய உரை பழிவாங்கலுக்குப் பச்சைக்கொடி காட்டியது. அங்கிருந்தே நாடெங்கும் ஆணைகள் பறந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூத வழிபாட்டிடங்கள் தீக்கிரையாயின அல்லது சிதைக்கப்பட்டன. ஏறத்தாழ 7,500 கடைகள் சூறையாடப்பட்டன. ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அண்டைக் கட்டடங்களுக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொள்வதே தீயணைப்புப் படையினரின் பணியாக இருந்தது. கொடுமைக்கு ஆளான யூதர்கள் மீதே நூறு கோடி மார்க் தண்டமும் விதிக்கப்பட்டது. தெருவெங்கும் சிதறிய கண்ணாடியை வைத்து 'படிக இரவு' என்று வழங்கப்பட்ட பெயரை இன்று பலர் தவிர்க்கின்றனர். உடைந்தது கண்ணாடி மட்டும் அன்று என்பதே அவர்கள் கூறும் காரணம்.

திறந்த வாயில்

1961இல் எழுப்பப்பட்ட பெர்லின் சுவர் 28 ஆண்டுகள் ஒரு நகரை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. 1989 அக்டோபரில் லைப்சிக் நகரத் தெருக்களில் எழுபதாயிரம் பேர் அமைதியாகத் திரண்டனர். நெருக்கடிக்கு உள்ளான கிழக்கு ஜெர்மனி அரசு பயண விதிகளைத் தளர்த்த முன்வந்தது. மறுநாள் முதல் நடைமுறைக்கு வரவேண்டிய விதியை, நவம்பர் 9 மாலை செய்தியாளரிடம் அறிவித்த குந்தர் ஷபோவ்ஸ்கி, உடனே நடைமுறைக்கு வருவதாகக் கூறிவிட்டார். மக்கள் எல்லை வாயில்களை நோக்கி விரைந்தனர். போர்ன்ஹோல்மர் தெரு வாயிலின் பொறுப்பதிகாரி ஹரால்ட் யேகருக்கு மேலிடத்திலிருந்து தெளிவான ஆணை வரவில்லை. நெருக்கி நின்ற கூட்டத்தின் மீது துப்பாக்கியை நீட்டாமல், அவர் வாயிலைத் திறந்துவிட்டார்.

எந்த நாளைக் கொண்டாடுவது?

1990இல் ஒன்றிணைந்த ஜெர்மனிக்குத் தேசிய நாள் ஒன்று தேவைப்பட்டது. சுவர் திறந்த நாளைவிடப் பொருத்தமான நாள் வேறெது? எனினும், வழிபாட்டிடங்கள் எரிந்த நாளில் வாணவேடிக்கை நிகழ்த்துவது எவ்வாறு? அந்நாடு இணைப்பு நடைமுறைக்கு வந்த அக்டோபர் 3-ஐத் தேர்ந்தது. நவம்பர் 9 விடுமுறை நாளன்று, நினைவுகூரும் நாள். நாடுகடத்தப்பட்டோரின் வீட்டு வாசல்களில் பதிக்கப்பட்டுள்ள பித்தளைப் பெயர்த்தகடுகளை மக்கள் அன்று துடைத்து, மெழுகுத்திரி ஏற்றுகின்றனர். பெர்லின் சுவரின் நினைவிடத்திலும் அன்று கூடுகின்றனர்.

1918இன் மீது கொண்ட வஞ்சம் 1923ஐ வளர்த்தது. 1923இன் கொண்டாட்டம் 1938க்குக் களம் அமைத்தது. இவற்றை ஊழ் என்பது பொருந்தாது; இவை மனிதர் தெரிந்தே செய்த வினைகள். 1989இல் தேதி அமைந்தது தற்செயல். ஆயினும், வாயிலைத் திறந்த கை ஒரு மனிதருடையது. ஒரு நாளைப் போற்றுவோர் அதில் எதை நினைக்கின்றனர், எதை மறைக்கின்றனர் என்பதைப் பொறுத்தே அதே தேதியில் பின்னர் நிகழ்வதும் அமைகிறது.