மேனிபோல்டைக் கழற்றிய கையோடு

தேங்காய்ப்பட்டணத்தில் கடலைப் பார்த்த ஒரு தெருவில் ஒரு பழைய மாருதி 800 நிற்கிறது. எம்.பி.எஃப்.ஐ. மாடல். இந்த வண்டி 1983ல் வர ஆரம்பித்து 2014 ஜனவரியில் நின்று போனது என்றாலும் குமரி மாவட்டத்து வீட்டு முற்றங்களில் இன்னும் நிறையவே பார்க்கலாம். வண்டிக்காரரின் மகனுக்கு வளைகுடாவில் வேலை. அவன் வரும்போதும் போகும்போதும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு ஓடுவதுதான் இந்த வண்டியின் முக்கியமான வேலை.

ஒரு நாள் ஐடிலிங் தானாக ஏறி ஏறி இறங்க ஆரம்பித்தது. பானெட்டைத் திறந்தால் 'உஸ்' என்று ஒரு சத்தம். ஆசான் (மெக்கானிக்கை அந்தப் பக்கம் இப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்ஜின் ஓடும்போதே மேனிபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தெளித்தார். சத்தம் சற்று அடங்கியது. இன்டேக் மேனிபோல்டு கேஸ்கட் போய் விட்டது.

இன்டேக் மேனிபோல்டு என்பது வேறொன்றும் இல்லை. ஏர் ஃபில்டர் வழியாக வரும் காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் அலுமினியக் குழாய்த் தொகுப்பு. இந்த வண்டிக்கு மூன்று சிலிண்டர், ஆகவே மூன்று வழி. உள்ளே எப்போதும் வெளியை விடக் காற்றழுத்தம் குறைவு. இடையில் இருக்கும் கேஸ்கட்டில் சிறு இடைவெளி விழுந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து விடும். இதே மேனிபோல்டுக்குள் கூலண்ட் ஓடுவதற்கும் ஒரு வழி உண்டு. கதையே அங்கேதான் இருக்கிறது.

கேஸ்கட்டின் விலை சொற்பம். அதை மாற்றுவதற்கு பெட்ரோல் லைனில் இருக்கும் அழுத்தத்தை இறக்கி (பம்ப்பின் ஃபியூஸை எடுத்து விட்டு, என்ஜின் தானாக அணையும் வரை ஓட விட வேண்டும்), பாட்டரி ஒயரைக் கழற்றி, என்ஜின் ஆறும் வரை காத்திருந்து, கூலண்டை வடித்து, த்ராட்டில் பாடி, வேக்குவம் குழாய்கள், கனெக்டர்கள் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். பிரிக்கும் முன்னால் மொபைலில் நாலு போட்டோ எடுத்து வைப்பது நல்லது. திரும்ப மாட்டும்போது எந்தக் குழாய் எங்கே என்று தேடியே அரை நாள் போய் விடும். அதாவது செலவு முழுக்கக் கூலியில் இருக்கிறது, பொருளில் இல்லை.

போல்ட்டுகள் வேறு. கடற்கரை ஊரில் இரும்பு போல்ட்டும் அலுமினியமும் சேர்ந்து இருக்கும் இடத்தில் உப்புக் காற்றும் ஈரமும் பட்டால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகி, போல்ட்டை இறுகப் பிடித்துக் கொள்ளும். சாவியைப் போட்டு ஒரே மூச்சில் திருகினால் தலை உடைந்து கையில் வரும். இந்த ஆசான் விவரமானவர். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தார். அப்படியும் இரண்டு போல்ட் அழ வைத்தன. முதலில் ஒரு இம்மி இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்கி... இப்படியே ஒரு மணி நேரம்.

மேனிபோல்டு வெளியே வந்ததும் ஆசான் அதன் அடியில் போகும் சிறிய கூலண்ட் ஹோஸை அமுக்கிப் பார்த்தார்.

"காக்கா, இந்த ஓஸு ஊதிப் போய் இருக்கு. தொறந்த கையோட மாத்திப் போடட்டா?"

"கசிவு ஒண்ணும் இல்லியே ஆசானே? இப்பம் கேஸ்கட்ட மட்டும் மாத்தித் தாரும். பொறவு பாப்போம்."

அந்த 'பொறவு' மூன்றாம் மாதம் வந்தது. மகன் விடுப்பு முடிந்து திரும்பும் நாள். களியக்காவிளையும் பாறசாலையும் தாண்டி நெய்யாற்றின்கரை வரும் முன்னால் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி. ஹோஸ் பிளந்து கூலண்ட் முழுவதும் ரோட்டில். வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடி விட்டிருந்தார்கள். டிக்கெட் காசு போனது ஒரு பக்கம், சொன்ன தேதியில் வேலைக்கு வராதவனுக்கு அங்கே என்ன பதில் கிடைக்கும் என்ற பயம் இன்னொரு பக்கம். ஹெட் வளையாமல் தப்பித்தது, உடனே வண்டியை நிறுத்தியதால்தான்.

அந்த ஹோஸின் விலை டிக்கெட் விலைக்குப் பக்கத்தில் கூட வராது. ஆனால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. பட்டறையில் "இதையும் மாத்தணும், அதையும் மாத்தணும்" என்று கேட்டுக் கேட்டு எவருக்கும் ஒரு சந்தேகம் வந்து விடும். அப்போது எதற்குச் சரி சொல்வது, எதற்கு வேண்டாம் என்பது?

பி.காம். வகுப்பில் கூடுதல் செலவு என்று ஒன்று சொல்லித் தருவார்கள். கழற்றும் கூலி 2,000 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். அது ஏற்கனவே செலவாகி விட்டது. இனி ஹோஸ் மாற்ற ஹோஸின் விலை மட்டுமே கூடுதல். மூன்று மாதம் கழித்து என்றால் அதே ஹோஸுக்கு அதே 2,000 மறுபடியும். ஆகவே மேனிபோல்டு இருக்கும்போது கை போகாத இடத்தில் இருக்கும், விலை குறைந்த, வயதானால் கெடும் பொருள் எல்லாம் அப்போதே மாற்ற வேண்டியவை. கூலண்ட் ஹோஸ்கள், அவற்றின் கிளிப்புகள், விறைத்துப் போன வேக்குவம் குழாய்கள், இன்ஜெக்டரைக் கழற்றியிருந்தால் அதன் ரப்பர் வளையங்கள். பி.சி.வி. வால்வைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தால் கடகடவென்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் அதுவும். தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுப் பார்த்து, திறக்காவிட்டால் மட்டும். த்ராட்டில் பாடிக்கு மாற்று எதுவும் வேண்டாம், கரியைத் துடைத்தால் போதும். மேலே இருந்தே கை எட்டும் ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. அங்கே தைரியமாக 'பொறவு' சொல்லலாம் :-)

எல்லா வண்டிக்கும் ஒரே பட்டியல் கிடையாது. டொயோட்டாவின் 1யுஇசட் வி8 என்ஜினில் ஸ்டார்ட்டர் மோட்டாரே மேனிபோல்டுக்கு அடியில் இருக்கிறது. அந்த வண்டிக்காரருக்கு ஸ்டார்ட்டரும் பட்டியலில் வரும்.

இரண்டாவது தடவை கழற்றியபோது முதலில் அவசரத்தில் விட்ட இன்னொன்றும் தெரிந்தது. மேனிபோல்டின் முகத்தில், கூலண்ட் துவாரத்தைச் சுற்றி சின்னச் சின்னக் குழிகள். வருடக் கணக்கில் ரேடியேட்டரில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். கடலோரக் கிணற்றின் உப்பு வெளியே போல்ட்டைப் பிடித்த மாதிரியே உள்ளே அலுமினியத்தைத் தின்றிருக்கிறது. அந்தக் குழி வளர்ந்தால் புது கேஸ்கட் போட்டாலும் கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்கலாம். புகைக் குழாயில் வெள்ளைப் புகை வரும்.

ஆசான் ஹெட்டின் மூன்று துவாரங்களிலும் சுத்தமான துணியை அடைத்தார். எத்தனை துணி என்று எண்ணியும் வைத்துக் கொண்டார் (ஒன்றை உள்ளே மறந்தால் தீர்ந்தது). பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டினார். உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் நேரே சிலிண்டருக்குப் போகும். பிறகு ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தார். 0.10 மில்லிமீட்டர் தகடு எங்கேயும் நுழையவில்லை. குழிகளும் கேஸ்கட் உட்காரும் வட்டத்துக்கு வெளியே. மேனிபோல்டு பிழைத்தது.

புது கேஸ்கட், புது ஹோஸ்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் டார்க் ரெஞ்ச் போட்டு இறுக்கினார். ரேடியேட்டரில் காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி. மூடியைத் திறந்து வைத்தே என்ஜினை ஓட விட்டு, காற்றுக் குமிழ் அடங்கும் வரை ஊற்றிக் கொண்டே இருந்தார்.

இந்த முறை கழற்ற ஒரு மணி நேரம் ஆகவில்லை. முதல் தடவை மாட்டும்போதே ஆசான் கேட்காமல் ஒரு வேலை செய்திருந்தார். ஒவ்வொரு போல்ட்டின் மரையிலும் இறுகாமல் இருக்கப் பசை தடவி விட்டிருந்தார். அதற்கு அவர் காசு வாங்கவும் இல்லை. எல்லாப் போல்ட்டும் பத்து நிமிடத்தில் வந்து விட்டன.